விட்ட நாள் விட்டதாகவே இருக்கட்டும்

செம்பூர், மும்பை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், மழைக்கால மும்பையில் இது வழக்கம்தான், இப்போது எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்கள். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து நாலு எட்டு வைக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. அந்த வயசில் கீழே விழுந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று நான் பயந்துகொண்டிருந்ததை உன்னிடம் போனில் சொல்லவே இல்லை.

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு வரிகூட எழுதவில்லை, நம்ம ஒரு வருஷச் சவால் அத்தோடு போச்சு, நீயாவது முடி" என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தினமும் நோட்டில் கொஞ்சமாவது எழுதுவது என்று பொங்கலன்று இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது இது. விட்ட நாள் விட்டதாகவே இருக்கட்டும், நாளைக்குத் திரும்ப நோட்டை எடு.

இதை உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உடற்பயிற்சி என்று ஆளுக்கொரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், 12 வாரம் செய்து பார்த்தார்கள். யோசிக்காமலே அதைச் செய்கிற நிலை வருவதற்குச் சராசரியாக 66 நாள், ஆனால் ஒருத்தருக்கு 18 நாள், இன்னொருத்தருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். உனக்குப் போனது பல நாள், சரி. ஆனாலும் தையிலிருந்து வைகாசி வரை எழுதிய கை அது, கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததால் மறந்துபோகாது. எல்லாரும் சொல்கிற 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல், ஆபரேஷனுக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தபட்சம் 21 நாள் ஆகிறது என்று எழுதியதிலிருந்து. நாம் எழுதுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார். ராத்திரி எல்லா வேலையும் முடித்துவிட்டு எழுதுகிறேன் என்கிறாய். நம் வீடுகளில் பெண்களுக்கு எல்லா வேலையும் முடிவது என்று ஒன்று உண்டா, நீயே சொல். நான் காலையில் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி மூடியதும் நோட்டை எடுக்கிறேன், டிகாஷன் இறங்கக் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் எழுத்து, இறங்கியதும் மூடி வைத்துவிட்டுப் பாலைச் சுட வைக்கப் போய்விடுவேன். இப்போதெல்லாம் வெந்நீர் ஊற்றினாலே கை நோட்டைத் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை லேட்டாக எழுந்தாலும் காபி உண்டு, அதனால் எழுத்தும் உண்டு. உனக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரம், அதனால் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடியதும் ஸ்டாஃப் ரூமிலேயே எழுதிவிடு. மணி பார்க்காதே, டிபன் பாக்ஸைப் பார்.

கால் மணியில் என்ன எழுதிவிட முடியும் என்று கேட்பாய். ஆன்டனி டிராலப் இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு மேஜை முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதியவர், வாழ்நாளில் மொத்தம் 47 நாவல் முடித்தார். நமக்கு 250 எல்லாம் வேண்டாம், அஞ்சு வரி போதும், அஞ்சே வரி என்பதால்தான் காய்ச்சலோடும் என்னால் எழுத முடிந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரியில் ஆரம்பித்து 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாக மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதி முடித்ததை நினைத்து நீ மலைத்துப்போவது எனக்குத் தெரியும். அவரே ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விட்டுத்தான் எழுதினார், கோமதி.

அப்புறம், "எழுதும்படி ஒன்றுமே நடக்கவில்லையே" என்று அடிக்கடி சொல்கிறாய். ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736-லிருந்து 1761-ல் சாகிற வரைக்கும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், அதுவும் இலக்கணச் சுத்தமாக இல்லை, அந்தக் காலத்துப் பேச்சு வழக்கிலேயே. எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், ஊரில் என்ன வதந்தி, எல்லாம் இருக்கிறது. சண்டைகளைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்குத் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இவர் எழுதியதால்தான் நமக்குக் கிடைத்தது. சின்ன விஷயம் என்று அவர் ஒதுக்கியிருந்தால் அதெல்லாம் போயே போயிருக்கும்.

எங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள். எங்கள் கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, தீபாவளிக்கு முன்னால் காலி செய்ய வேண்டும், புது வீடு வர எத்தனை வருஷமோ. இது தெரிந்ததிலிருந்து என் நோட்டு முழுக்க இந்தக் கட்டடம்தான். இரண்டாம் மாடி சிந்திப் பாட்டி படி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்வது, மழை பெய்தால் மீட்டர் பெட்டிக்கு மேல் வாட்ச்மேன் பிளாஸ்டிக் ஷீட் கட்டுவது, காலையில் தண்ணீர் வந்ததும் எல்லா வீட்டு டிரம்மும் ஒரே நேரத்தில் நிரம்புகிற சத்தம். இவ்வளவு வருஷம் இங்கே இருந்தும் நான் இதையெல்லாம் கவனித்ததே இந்த வருஷம்தான். நாளைக்குக் காலையில் அஞ்சு வரி வேண்டுமே என்று இருப்பதால், இன்றைக்கு ஹார்பர் லைன் லோக்கலில் லேடீஸ் பெட்டியில் நிற்கும்போதே கண் எதையாவது தேடுகிறது. வடாலாவில் ஏறுகிற கம்மல் விற்கும் பெண் முதலில் யார் காதைப் பார்க்கிறாள் என்பதைக்கூட ஒருநாள் எழுதினேன்.

இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆபீசில் இந்தி, மராத்தி, மெயில் எல்லாம் ஆங்கிலம், வீட்டில் தமிழ் பேசுவதோடு சரி. மளிகை லிஸ்ட் தவிர வேறெதையும் தமிழில் கையால் எழுதி எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆரம்பத்தில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் கை வலித்தது. இப்போது வேகமாக வருகிறது, என் பாட்டி பேசிய தமிழெல்லாம் கேட்காமலே வந்து விழுகிறது. பெரியவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, உனக்குத் தெரியுமே. அவள் ஒருநாள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பில்டிங் பற்றி எழுதினதை வாசிச்சுக் காட்டும்மா" என்றாள். வாசித்தேன். மறுவாரம் செம்பூரிலேயே ஒரு டீச்சரைக் கண்டுபிடித்துத் தமிழ் எழுத்துப் படிக்கச் சேர்ந்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதி முடிக்க முடியாது.

டிசம்பரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் நெல்லைக்கு வருகிறோம். என் நோட்டைக் கொண்டுவருகிறேன், நீ உன்னுடையதை எடுத்து வை, இடையில் வெற்றுப் பக்கம் இருந்தால் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாளின் மகன், நீ மருந்து வாங்கப் போன நேரத்தில் உன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டான் என்று போனில் சொன்னாயே, நாளைக்கு அதையே அஞ்சு வரியில் எழுது, வேறு ஒன்றும் யோசிக்காதே. எழுதியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
சாந்தா