லண்டன் படிப்பும் 28 நாள் வங்கி மீதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டெம்பர் இன்டேக் (மாணவர் சேர்க்கை) நெருங்கும்போது, லண்டனில் படித்துக்கொண்டே வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் பலமாக அடிபடும். காணி உறுதியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்ப நிற்கும் பெற்றோர், கையெழுத்திடுமுன் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கைத் தங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பிரித்தானிய மாணவர் விசாவுக்கு, முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாத மிகுதியோடு வாழ்க்கைச் செலவுக்கான பணமும் வங்கியில் இருக்கவேண்டும். 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனுக்குள் மாதம் 1,529 பவுண், வெளியே 1,171 பவுண். ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும்; அதாவது 13,761 அல்லது 10,539 பவுண். தொடர்ந்து 28 நாள் இந்தத் தொகை குறையாமல் கிடக்கவேண்டும். இடையில் ஒருநாள் இறங்கினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த 28ஆம் நாளிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ரூபாய்க் கணக்கை விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படி பவுணாக்கிப் பார்ப்பார்கள், ஆகவே மட்டுமட்டாக வைக்காதீர்கள்.

கணக்கு மாணவருடையதாகவோ தாய் தகப்பனுடையதாகவோ இருக்கலாம். மாமாவின் கணக்கும் கனடாவில் உள்ள அண்ணனின் கணக்கும் செல்லாது. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும், தமிழ்ச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். காணியும் நகையும் சேராது. நிலையான வைப்பு என்றால் நினைத்தபோது உடைத்து எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் 28 நாளுக்கு வட்டிக்குப் பணம் போட்டுத்தரும் ஏற்பாடு நுழைகிறது. பலர் இதை வெறும் சடங்காக நினைக்கிறார்கள். கணக்குக்கூற்றுப் போலியென்று வங்கியில் விசாரித்துக் கண்டுபிடித்தால், ஏமாற்று என்று பதிந்து 10 வருடத்துக்கு விசா மறுப்பார்கள். பிடிபடாவிட்டாலும் ஆபத்து நீங்கவில்லை. விசா வந்ததும் கடன்காரர் பணத்தை எடுத்துவிடுவார், பிள்ளை வெறுங்கையோடு இறங்கும். அந்நாட்டு அரசு கேட்கும் 10,539 பவுண் உண்மையிலேயே செலவாகப் போகும் காசு.

வேலை செய்து ஈட்டலாமே என்பார்கள். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் அனுமதி, வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.71 பவுண். எல்லா வாரமும் முழுதாக வேலை கிடைத்தால்கூட மாதம் ஏறக்குறைய 1,101 பவுண். லண்டனுக்கு வெளியே வாழவே 1,171 வேண்டுமென்று பிரித்தானிய அரசே சொல்கிறது. இங்குள்ள கடனுக்கு மாதம் மாதம் அனுப்ப எதை எடுப்பது?

வருமான வரியைப் பற்றிய பயம் உண்மையில் தேவையற்றது. வருடம் 12,570 பவுண் வரை வரி இல்லை, மேலதிகத்துக்கு 20 வீதம். 20 மணித்தியால வேலையில் வருமான வரியும் தேசியக் காப்புறுதியும் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) சேர்ந்து மாதம் 15 பவுண் அளவில்தான் போகும். இரண்டு இடத்தில் பத்துப் பத்து மணித்தியாலம் வேலை செய்தால் மட்டும் கவனம் வேண்டும்: இரண்டாவது சம்பளம் முழுவதிலும் 20 வீதம் வெட்டுவது வழக்கம். மிகையாக வெட்டியதைப் பிறகு கேட்டுப் பெறலாம். முழுநேர மாணவர் கவுன்சில் வரி (வீட்டுக்கான உள்ளூராட்சி வரி) கட்டவேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் சான்று வாங்கி உள்ளூராட்சிச் சபைக்குக் கொடுக்கவேண்டும். மாணவரல்லாத ஒருவர் அதே வீட்டில் இருந்தால் வீட்டுக்கு பில் வரும்.

விசாவையே இழக்கச் செய்யும் பிழைகள் இரண்டு. மாஸ்டர்ஸ் மாணவருக்குக் கோடைகாலம் பெரும்பாலும் விடுமுறையல்ல, ஆய்வறிக்கை எழுதும் காலம். அப்போதும் அதே 20 மணித்தியாலம்தான். மற்றது, செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டம். அது சுயதொழில், மாணவர் விசாவில் கூடாது. வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடினாலும் நிலைமை மாறாது.

2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் சாதாரண மாஸ்டர்ஸுக்கு மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு வருடமல்ல, 18 மாதம். பழைய கதையை நம்பி அடுத்த இன்டேக்குக்குக் காசு கட்டாதீர்கள்.

இன்னொன்று. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவருக்கானது. படிப்புக்கு அனுப்புபவர் அதைச் சுவரில் மாட்டியிருந்தால் அது உங்களுக்குப் பாதுகாப்பாகாது. மண்முனை தென் எருவில்பற்று, கல்முனை, காரைதீவு பிரதேச செயலகங்கள் வளைகுடாவுக்குப் போவோருக்குச் சொல்வதுபோல் மாணவர் குடும்பங்களுக்கும் இந்த விபரங்களைச் சொல்ல ஒரு நாள் ஒதுக்கவேண்டும்.

ஏஜென்சிக்காரரிடம் படிப்புக் கட்டணம், சுகாதார மேல்வரி (அங்குள்ள அரச மருத்துவச் சேவைக்காக விசாவோடு சேர்த்துக் கட்டுவது), விசாக் கட்டணம், அவருடைய கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். சுகாதார மேல்வரி மாணவருக்கு வருடம் 776 பவுண். ஒருவருட மாஸ்டர்ஸுக்கு மேலதிகத் தங்கல் காலமும் சேர்த்து 1,164 ஆகும். விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்பாது, மேல்வரி திரும்பும். ஆனால் எந்த அட்டையில் கட்டினார்களோ அந்த அட்டைக்குத்தான் திரும்பும். ஏஜென்சியின் அட்டையில் கட்டினால் காசு அவரிடமே போய்ச்சேரும். அதனால் மேல்வரியை உங்கள் சொந்த அட்டையில் கட்டுங்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
களுவாஞ்சிகுடி