உறுப்பு மாதிரிக்கு ஃபிலிம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து இதயத்தையோ சிறுநீரகத்தையோ 3டி பிரிண்டரில் மாதிரியாக அச்சிட்டு, அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்று செய்திகள் வருகின்றன, சந்தோஷம். ஆனால் பிரிண்டர் வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜமான உழைப்பு அதற்கு முன்னால் இருக்கிறது: சி.டி. ஸ்கேன் உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கிறது, அந்த ஒவ்வொரு அடுக்குப் படத்திலும் எது ரத்தம், எது தசைச்சுவர், எது கட்டி என்று பிரித்துக் குறிக்க வேண்டும், கணினி ஓரளவு செய்து கொடுக்கும், மீதியை உடற்கூறு தெரிந்தவர்தான் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அடுக்குகள் 5 மி.மீ. தடிமனில் இருந்தால் குழந்தையின் இதயச்சுவரிலுள்ள சின்ன ஓட்டை மாதிரியில் காணாமலே போகலாம், ஓரங்களும் படிக்கட்டு போல வரும். 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய அடுக்குகள் வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், ஸ்கேன் மையங்கள் ஃபிலிமோடு நிறுத்தாமல் மெல்லிய அடுக்குகளின் டைகாம் கோப்புகளையும் (கணினியில் திறந்து வேலை செய்யக்கூடிய ஸ்கேனின் டிஜிட்டல் கோப்புகள்) கேட்காமலே தரட்டும். பிரித்துக் குறிக்க '3டி ஸ்லைசர்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம், அமெரிக்காவில் 2019 ஜூலையிலேயே இந்த மாதிரிகளுக்கெனத் தனி பில்லிங் குறியீடுகள் (மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் அனுப்பும்போது குறிப்பிடுபவை) வந்துவிட்டன. நம் காப்பீட்டுத் திட்டங்களும் குறைந்தபட்சம் பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளுக்காவது இந்தச் செலவை ஏற்க வேண்டும்.

ஒரு ஸ்கேன் டெக்னீஷியன், மதுரை