முதலில் கோப்புகளை மாற்றுங்கள், பிறகு கணினியை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸரும் கேட்கிறது. இதனால் நெல்லைச் சீமையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன; இல்லையென்றால் உரிமப் பூட்டை உடைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ வைத்துத் திறந்த திருட்டு விண்டோஸ் 11 அவற்றில் ஏறுகிறது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

ஆக்டிவேட்டர் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்தபின் அதற்கு அட்மின் அனுமதியும் கொடுக்கிறோம். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு வெளியூர் போவதற்குச் சமம் இது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ என்ற தீம்பொருள், இத்தகைய கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. பிரவுசிங் சென்டரில் மாணவர்கள் டிஎன்பிஎஸ்சி கடவுச்சொல்லையும் பெரியவர்கள் வங்கிக் கடவுச்சொல்லையும் அடிப்பது இப்படிப்பட்ட கணினியில் என்றால், அந்தக் கடைக்காரர்தான் யோசிக்க வேண்டும்.

மாற்று நம் கையிலேயே இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், விலையின்றிக் கிடைக்கும் இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் ‘பாஸ்’ என்ற இந்திய வகையும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதே லினக்ஸில்தான். ஆனால் இங்கே லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்களில் பலர் ஒரு வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். லினக்ஸின் குறை என்கிறார்கள். குறை பெரும்பாலும் அவர்களுடைய கோப்புகளில் இருக்கிறது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் தமிழே பதிவாவதில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் பதிவாகின்றன. அவற்றின் மேல் தமிழ் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒட்டியது உரிந்துவிடும். தேடினால் கிடைக்காது, செல்பேசியில் படிக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் ‘அம்மா’ என்று வாசிக்காமல் அந்த ஆங்கிலக் குறிகளையே உளறும். பார்வையற்றோருக்கான பள்ளி நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் பாளையங்கோட்டையில் பாமினியில் அடித்த அறிக்கைகள் இன்னும் சுற்றுவது வருத்தமாக இருக்கிறது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல்.

ஆகவே கணினியை மாற்றும் முன் கோப்பை மாற்றுங்கள். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே அள்ளிப் போடக்கூடாது. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்துருவில் அடித்த 1,25,000 என்ற தொகை மாற்றியில் விழுந்தால் 1இ25இ000 என்று வெளியே வரும். பத்திரத்திலும் விலைப்புள்ளியிலும் இது வினையாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே மாற்றுங்கள். தொகை, தேதி, ஆங்கிலப் பெயர் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் சரிபாருங்கள். பழைய கோப்பை அழிக்காமல் வேறொரு பென்டிரைவில் வைத்திருங்கள்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்கள் இனி விசைப்பலகையைப் புதிதாகப் படிக்க வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. லினக்ஸில் தமிழில் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் பொதியைச் சேர்த்து, ‘இன்புட் மெத்தட்’ அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வந்தால் பழைய தட்டச்சு முறையும், தமிழ்99 என்ற விசைப்பலகை முறையும் பட்டியலில் இருக்கும். லாக்-அவுட் செய்யாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. புதிதாகப் படிப்பவர்களுக்குத் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். அதில் ‘அம்மா’வுக்கு நான்கே விசை: அ, ம, ம, ஆ. நடுவிலுள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

அடுத்து, விண்டோஸ் இருக்கும்போதே அதில் எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸையும் ஃபயர்பாக்ஸ் பிரவுசரையும் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். ஒரு பக்க விண்ணப்பம் வேறு கணினியில் இரண்டு பக்கமாக ஓடுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸுக்கு உரியவை. லினக்ஸ் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கும், வரியின் அகலம் மாறிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவையே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

இதற்குப் பிறகுதான் லினக்ஸ். பழைய கணினிக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு பொருந்தும். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபி ராமில் தொடங்கும், ஆனால் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தாலே திணறும். 4 ஜிபி வேண்டும். ராம் வாங்கும்போது டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ராமை விடவும் கண்கூடாக மாற்றம் தருவது பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டுவதுதான். கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தச் சுழலும் தட்டு.

எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதி, முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் அங்கேயே சோதியுங்கள். வைஃபை வரவில்லையா, செல்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் ‘டெதரிங்’ போட்டு டிரைவரை இறக்குங்கள். இரண்டு இயங்குதளமும் வேண்டுவோர் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை முதலில் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அதன் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாது.

ஜெராக்ஸ் கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. கேனான் எல்பிபி2900 பிரின்டர் லினக்ஸில் படுத்தும். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஹெச்பிலிப் பொதியோடு தனி பிளக்-இன் இறக்கினால் ஓடும். எப்சன் எல் வரிசைக்கு டிரைவர் இருக்கிறது. டேலி, கோரல்டிரா, ஃபோட்டோஷாப் இவற்றை நம்பிப் பிழைப்பவர்களும், கைரேகைக் கருவியோ டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ அன்றாடம் தேவைப்படுகிறவர்களும் அந்த ஒரு கணினியை முறையான உரிமத்தோடு விண்டோஸிலேயே வைத்திருப்பது நல்லது. கடையில் உள்ள மற்ற கணினிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இனி என் வேண்டுகோள்கள். மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருக்கும் திசையன்விளைக்காரரோ கடையத்துக்காரரோ அதை ஒரே நாளில் இறக்க முடியாது. பாதியில் அறுந்தால் பிரவுசர் பல நேரம் முதலிலிருந்து தொடங்கும். (டாரன்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், கோப்பு பழுதா என்றும் அதுவே சரிபார்க்கும்.) லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்க அதன் உரிமமே அனுமதிக்கிறது. எனவே பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினியில் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் வைத்து, பென்டிரைவ் கொண்டு வருபவர்களுக்கு நகலெடுத்துத் தரலாம். கல்லூரிக் கணினித் துறைகள் மாதம் ஒரு சனிக்கிழமை நிறுவும் முகாம் நடத்தினால் மாணவர்களுக்கும் கைப்பழக்கம் வரும்.

மாவட்ட அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் வெளியிடும் படிவங்களை ஒருங்குறியில், பிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் (லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் பொதுக் கோப்பு வடிவம்) வடிவில் தர வேண்டும். ஓடிஎஃப் 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமானது. தாளில் அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்த படம் ஒருங்குறிப் பிடிஎஃப் ஆகாது. வந்த பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கிலக் குப்பையாக வந்தாலோ, நகலெடுக்கவே முடியாவிட்டாலோ அந்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிச் சரியானதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.