எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்தபோது எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும், இந்த ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களின் சார்பில் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, நெடியில் கண் எரிய எரியப் படகிலேயே அமர்ந்து, குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளி டிரம்களில் நிரப்பியவர்களுக்கு உரியது. மிதக்கும் எண்ணெயின் இலேசான பகுதி வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிடும். மீதியில் ஒரு பங்கை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று தீர்க்கும். ஆனால் நண்டு வளைகள் வழியே சேற்றுக்குள் இறங்கிவிட்ட எண்ணெய், அங்கே உயிர்வளி இல்லாததால், எளிதில் சிதையாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே சேற்றில் இறங்கும் முன்பே அள்ளப்பட்ட ஒவ்வொரு வாளியையும் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

அலையாத்தி மரங்களுக்குள் கும்பலாக இறங்கி மிதிக்க வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அம்மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்களால்தான் மூச்சு விடுகின்றன; அவற்றில் கரும்பசை போல ஒட்டிய எண்ணெயே போதாதென்று, நம் கால்களும் அதைச் சேற்றுக்குள் அழுத்திவிடக் கூடாது. 1989இல் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பின் அலாஸ்காவின் கரைகளை வெந்நீர் பீய்ச்சிக் கழுவியதில், எண்ணெய்க்குத் தப்பிய சிற்றுயிர்களும் மடிந்தன. அதே கரைகள் சிலவற்றில், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கற்களுக்கு அடியில் எண்ணெய் கிடந்தது. அவசரம் காட்டாமல் இருப்பதும் பெரிய உதவிதான் என்பதை நாங்கள் அந்நாட்களில் உணர்ந்தோம்.

சிறகு ஒட்டிப் பறக்க முடியாமல் தவித்த கூழைக்கடாக்களைத் தேடி அலைந்த வனத்துறையினருக்கும் பறவை ஆர்வலர்களுக்கும், வலையும் படகும் கறுத்துத் தொழில் நின்ற வீடுகளுக்கு அரிசி கொண்டுவந்தவர்களுக்கும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களின் தோல் அரிப்புக்கு மருந்து தந்த மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி.

மரம் துளிர்ப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் சேறு தேறியதா என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். அந்தச் சேற்றை எடுத்துச் சோதிக்க வருகிறவர்களுக்கு, நீர் இறங்கும் வற்றம் பார்த்து அழைத்துச் செல்ல எங்கள் படகுகள் காத்திருக்கும். அதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
எண்ணூர் ஆற்று மீனவக் குடும்பத்தினர்