மிச்சமிருந்த ஆறு நிமிடம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பேருந்தில் அன்று காலை வேலையிலிருந்த நடத்துநர் தம்பிக்கு முதல் வணக்கம். நரசிங்கம்பேட்டையில் நான் இறங்கிய பிறகு இருக்கையில் கிடந்த நீலத் துணிப்பையைப் பார்த்திருக்கிறீர்கள். திரும்பும் நடையில் ஞாபகமாக வண்டியை நிறுத்தி, நிறுத்தத்திலிருந்த டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். "அந்த அக்கா வருவாங்க, குடுத்துடுங்க. வாழைப்பழந்தான் நசுங்கிடுச்சு, சொல்லிடுங்க" என்றீர்களாம். கடைக்காரர் அந்தப் பழத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பையின் உள்பக்கத்தையும் துடைத்து வைத்திருந்தார். உள்ளே இருந்தது ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய கேசட். துண்டும் பாட்டிலும் போனால் போகட்டும். அந்தக் கேசட் போயிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் ஃபோன் நம்பர் எதுவும் என்னிடம் இல்லை. பாதிப் பேருடைய பெயர்கூடத் தெரியாது. தை மாதத்தில் நான்கு நாள் தனியாகக் காவிரிக் கரைப் பக்கம் போய்வந்தேன். நாதஸ்வரம் கேட்க வேண்டும், அதுவும் சபாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இல்லை, கோயில் வீதியில் சாமிக்கு முன்னால் வாசிக்கும்போது நின்று கேட்க வேண்டும் என்பது பல வருட ஆசை. "யாரு வராங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா வருஷம் ஓடிடும். நீ போய்ட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று என் மாமியார் மார்கழிக் கடைசியில் சொன்னார். மறுநாளே டிக்கெட் எடுத்தேன். அத்தை, வீட்டில் சொல்லிவிட்டேன், இங்கேயும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குப் பகல் ரயில்தான் பிடிக்கும். ராத்திரி ஏறிக் காலையில் இறங்கினால் வழி முழுக்க இருட்டில் போய்விடுகிறது. அதனால் எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். விழுப்புரத்திலிருந்து மெயின் லைனில் திரும்பிக் கடலூர், சிதம்பரம் என்று போகப் போக சன்னலில் பச்சை கூடிக்கொண்டே வரும். தையில் போனால் அந்தப் பச்சை மஞ்சளாகியிருக்கும், சம்பா அறுப்புக்கு நிற்கும். சீர்காழியில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் சிதம்பரம் தாண்டியதும் தன் சன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டார். "நாங்க நூறு தடவை பாத்தாச்சும்மா. இப்பக் கொள்ளிடம் வரும், நீங்க பாருங்க." பாலத்தில் ரயிலின் சத்தம் மாறியது. கீழே அகல அகலமாக மணல், நடுவில் ரெண்டு மூன்று இடத்தில் மட்டும் தண்ணீர் வெயிலில் பளபளத்து ஓடிக்கொண்டிருந்தது. கரை வரும்வரை அவரும் என்னோடு சேர்ந்துதான் பார்த்தார்.

அவர் மனைவி கொடுத்த தயிர்சாதத்தையும் மோர்மிளகாயையும் எப்படி மறப்பேன்? என் அம்மா போனதற்குப் பிறகு அப்படி ஒரு மோர்மிளகாய் நான் சாப்பிடவில்லை. கடித்ததும் முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு, காரம் கடைசியில்தான் வந்தது. "கடை மோருல போடாதீங்க. நல்லாப் புளிச்ச மோரா இருக்கணும். ராத்திரி ஊறணும், பகல்ல காயணும், சட்டியில மோரு தீர்ற வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். அம்மா, ஊருக்கு வந்ததும் அரைக் கிலோ மிளகாய் வாங்கிப் போட்டேன். ஐந்தாம் நாள் மோர் தீர்ந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே வந்திருக்கிறது.

கும்பகோணத்தில் நான் தங்கிய இடத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தார் இதைப் படித்ததும் சிரிப்பார்கள், கடப்பா தெரியாமல் ஒருத்தி இத்தனை வருடம் இருந்தாளா என்று. கேள்விப்பட்டிருந்தேன், சாப்பிட்டதில்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட வாசனையோடு, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது அது. மூன்று நாளும் காலையில் அதைத்தான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து அந்த அக்கா வெளியே வந்து, "நேத்தும் நீங்க இதே எடத்துலதான ஒக்காந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, கூடவே இன்னொரு கரண்டி ஊற்றினார். கிழங்கைக் கத்தியால் வெட்டாமல் கையால் உடைத்துப் போடுங்கள், எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள் என்று ரெண்டே விஷயம் சொன்னார். ரெண்டும் முக்கியம். வீட்டில் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குச் சிக்கரி கலந்த காபிதான் பிடிக்கும், பித்தளை டபராவில் ஆற்றிக் குடித்தால் இன்னும் பிடிக்கும். அந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது கேசட் கதை. 1991. நான் ஒன்பதாம் வகுப்பு. மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ரெண்டு நாளில் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். நான் சேர்த்து வைத்த காசில் ஒரு அறுபது நிமிட கேசட் வாங்கி, பத்துப் பன்னிரண்டு சினிமாப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிவந்து போட்டால், ரெண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் நான் கேட்காத ஒன்று தொடங்கியது. நாதஸ்வரம். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் பட்டியலுக்குக் கீழே, கடை அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில், "ராஜரத்தினம் பிள்ளை – தோடி. ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது" என்று எழுதியிருந்தது.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் 1956-லேயே காலமாகிவிட்டார் என்பதும், தோடி ராகம் என்றாலே அவர் பேரைத்தான் சொல்வார்கள் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை. அன்று காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: வார்த்தை எதுவும் இல்லாமலேயே ஒருவர் என்னிடம் நெடுநேரமாக எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மேலே மேலே ஏறி, மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைத் தாண்டி ஒரு இடத்துக்குப் போகும்போது டக்கென்று நின்றுவிடும். டேப் அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தோடி என் மனசில் அந்த இடத்தில்தான் நிற்கிறது. முழுசாகக் கேட்க இப்போது எத்தனையோ வழி இருக்கிறது, ஃபோனில் தேடினால் நிமிடத்தில் வரும். நான் தேடவில்லை. மிச்சத்தை நேரில், ஒருவர் ஊதக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நரசிங்கம்பேட்டைப் பட்டறைப் பெரியவருக்கு: நீங்கள் எனக்குக் கொடுத்தது ஒரு முழுக் காலைப்பொழுது. முன்கூட்டிச் சொல்லாமல் வாசலில் வந்து நின்றவளை "வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு முக்காலி போட்டீர்கள். கடைசல் இயந்திரத்தில் ஆச்சா மரம் சுற்றிக்கொண்டிருந்தது. உளி பட்ட இடத்தில் கருஞ்சிவப்பில் சுருள் சுருளாக மரம் உதிர்ந்து உங்கள் மடியில் விழுந்தது. புது மரம் ஆகாது, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் உத்திரமும் தூணும்தான் வேண்டும், ஈரம் முழுக்க வற்றிய கட்டையில்தான் நாதம் நிற்கும் என்றீர்கள். இந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, "கட்டை கெடைக்கணுமே" என்றீர்கள். அது என் மனசில் தங்கிவிட்டது.

நீங்கள் யாரும் நாதஸ்வரம் என்று சொல்லவில்லை, நாயனம் என்றே சொன்னீர்கள். முன்னால் எல்லாரும் வாசித்தது குட்டையான திமிரி நாயனம், சுருதி உயரம். ராஜரத்தினம் பிள்ளைக்காகத்தான் நீளமான பாரி நாயனம் வழக்கத்துக்கு வந்தது, ரெண்டு ரெண்டரைக் கட்டைச் சுருதிக்கு இறங்கியது. சுத்த மத்தியமம், அதாவது 'ம' ஸ்வரத்தின் தாழ்ந்த வகை, சரியாகப் பேசும்படி அதைச் செய்து கொடுத்தவர் இதே ஊர் ரங்கநாதன் ஆசாரி. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு பாரியை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். நினைத்ததைவிடக் கனம். மேலே விரல் வைக்க ஏழு துளை, கீழே விரல் படாத ஐந்து. அந்த ஐந்தில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிக்கட்டுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் வைத்து ஊதும் சீவாளியை வாயில் ஊறவைத்து, கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் பொருத்தி, ஷட்ஜம், பஞ்சமம் ஊதிக் காட்டினீர்கள். அப்புறம் அந்த மத்தியமம். தோடியில் வருவதும் சுத்த மத்தியமம்தான். கேசட்டில் நான் ஆயிரம் தடவை கேட்ட அந்த ஒரு ஸ்வரம், ஒரு மரத்தில் ஒரு துளை எந்த இடத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. நூலிழை தள்ளினால் வராது என்று சுண்டுவிரல் நகத்தால் அளந்து காட்டினீர்கள். கிளம்பும்போது தேய்ந்துபோன ஒரு சீவாளியை என் கையில் வைத்தீர்கள். நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டு இப்போது கேசட் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டு அம்மா கொடுத்த மோருக்கும் நன்றி.

அன்று சாயங்காலம் திருவிடைமருதூர். தைப்பூசத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆறரைக்கே வந்து கோபுரத்தடியில் நின்றவளைப் பார்த்து, பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "சாமி பொறப்பட ஒம்பது ஆவும். இந்தத் திண்ணையில ஒக்காருங்க." உட்கார்ந்தேன். எனக்கும் கொஞ்சம் நாரும் பூவும் தந்தார். கட்டிக்கொண்டே பட்டினத்தார் கதை சொன்னார், அவர் கிழக்கு வாசலில் இருந்தது, அவர் சீடர் பத்திரகிரியார் மேற்கு வாசலில் இருந்தது, சோற்றுச் சட்டியும் நாயும் வைத்திருந்தவரைச் சம்சாரி என்று பட்டினத்தார் சொன்னது. பக்கத்து வீட்டில் நடந்ததுபோலச் சொன்னார்.

ஒன்பதரைக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி கேட்டது. சாமி வெளியே வரும்போது வாசிக்கிற அதற்குப் பாட்டு வரி கிடையாது, ராகமும் தாள நடையும் மட்டும்தான். ரெண்டு நாயனம், ரெண்டு தவில். தவில்காரரின் வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் விழும்போது என் விலா எலும்பில் தட்டுவதுபோல இருந்தது. எத்தனை பெரிய ஸ்பீக்கரிலும் அது வராது. சாமி வாசலைத் தாண்டும்வரை என்னால் கண்ணைச் சிமிட்ட முடியவில்லை.

வடக்கு வீதி முனையில் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். பெரிய நாயனக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு தோடி. முதல் பிடியிலேயே தெரிந்துவிட்டது.

அப்போது ஒரு பையன் செய்த உதவியை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பையன். பதினெட்டு இருக்கும். வண்டி எங்களுக்கு மிகவும் அருகில் உறுமிக்கொண்டிருந்தது. நான் காதைக் கையால் குவித்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. வயர் நீளம் விட்ட மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், ஒரு வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வந்தான். வீதி அமைதியானது. தம்பி, அன்று ராத்திரி அங்கே நின்ற முப்பது நாற்பது பேருக்கும் அந்தத் தோடியை நீதான் கொடுத்தாய்.

இனி உங்களுக்கு, கடை அண்ணே. கடை எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சந்தில் விசாரித்துப் பார்த்தேன், சொல்ல ஆளில்லை. ஆறு நிமிடத்தைக் காலியாக விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நான் நிச்சயம் கேட்டிருக்க மாட்டேன். அன்று வடக்கு வீதியில் அந்தக் கலைஞர் கீழிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக நின்று, நின்று, மேலே ஏறினார். மேல் ஷட்ஜம் வந்தது. அதற்கு மேலே அந்த இடம் வந்தது. என் காது பழக்கத்தில் டக்கென்ற சத்தத்துக்குத் தயாரானது, பைக்குள் கை போய்க் கேசட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் நிற்கவில்லை. அங்கேயே சுற்றினார், மூச்சு எடுத்தார், இன்னும் மேலே போனார், அப்புறம் யாரையோ கைபிடித்து மாடிப்படியில் இறக்கிவிடுவதுபோல மெதுவாக இறங்கி வந்தார். தவில் சேர்ந்துகொண்டபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணே, அந்த இடத்துக்கு அப்புறம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்புடன்,
மாம்பலத்திலிருந்து, உங்கள் பழைய வாடிக்கையாளர்