மகளுக்கு, நார்தோல்ட் பக்கத்திலிருந்து

லண்டன், நவம்பர் 1957

அன்பு மகளே,

செப்டம்பரில் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்ததா? மருந்து, காப்பி, கம்பளி மப்ளர் மூன்றும் இருந்ததா என்று பார். இருமல் எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தேன். உன் அம்மாவும் வெறும் சளிதான் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தினாள். மப்ளரைப் போட்டுக்கொண்டு வெளியே போ.

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நீ இன்ஜினியர் ஆகிவிட்டாய் என்று அத்தை எழுதித்தான் எனக்குத் தெரியும். பஸ் டிப்போவில் கேட்டவன் கேட்காதவன் எல்லோரிடமும் சொன்னேன். நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும். அத்தை கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது, அதை அப்புறம் பார்ப்போம். உனக்கும் இன்ஜின் பிடிக்குமாமே, அதனால் என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

போலந்தை ஜெர்மன்காரன் பிடித்ததும் ருமேனியா, பிரான்ஸ் என்று அலைந்து 1940-ல் இங்கே வந்தோம். ஆகஸ்டில் லண்டன் பக்கத்து நார்தோல்ட் விமானத்தளத்தில் நம் போலந்து விமானிகளின் 303-வது அணி. நான் மெக்கானிக். நம் பழைய பி.11 சண்டை விமானத்தில் சக்கரம் எப்போதும் வெளியேதான் இருக்கும், இங்கே கொடுத்த ஹரிக்கேன் விமானத்தில் உள்ளே மடங்கிக்கொள்ளும். பழக்கதோஷத்தில் ஒருவர் சக்கரத்தை இறக்காமலே வயிற்றால் இறங்கினார். வேகம் கூட்ட நாம் பின்னால் இழுத்த நெம்புகோலை இங்கே முன்னால் தள்ள வேண்டும். மீட்டர் போய் அடி, லிட்டர் போய் காலன். ஆங்கில உத்தரவு பழக, நம் விமானிகள் ரேடியோவை மாட்டிக்கொண்டு மூன்று சக்கர சைக்கிளில் அணிவகுத்து மைதானத்தைச் சுற்றினார்கள். வார்சாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். எவ்வளவு நொந்திருப்பார்கள்!

ஆகஸ்ட் 30-ல் நம் அணி விமானி பாஷ்கியேவிச் பயிற்சியிலிருந்து விலகிப் போய் ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். மறுநாளே அணியைச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஹரிக்கேனின் பின்பாதி துணி போர்த்தியது. குண்டு துளைத்த இடத்தில் துணியை ஒட்டி மேலே டோப் என்ற வார்னிஷ் பூசுவோம். அந்த நெடி தலைக்கு ஏறும். விடிவதற்குள் காய வேண்டுமே என்று கையால் தடவித் தடவிப் பார்ப்போம். மன்னர் ஆறாம் ஜார்ஜ் செப்டம்பர் 26-ல் வந்து கைகுலுக்கினார். அடுத்த நாள் பாஷ்கியேவிச் திரும்பி வரவில்லை. நம் அணி 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதினார்கள். அந்தக் களேபரத்தில் கணக்கு கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டதில் ஒரு குறையும் இல்லை.

ஊரில் வீட்டுக்காரர்களை ஜெர்மன்காரன் பிடித்துவிடுவானே என்று சிலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நான் அந்த வருஷங்களில் கடிதம் போடாததும் அதனால்தான். இதை அம்மா உன்னிடம் சொன்னாளா?

1945 ஜூலையில் வார்சாவின் புது கம்யூனிஸ்ட் அரசாங்கத்தை இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. மறு வருஷம் ஜூன் 8-ல் லண்டனில் வெற்றி அணிவகுப்பு. நம் விமானப்படையிலிருந்து 25 பேரை மட்டும் கூப்பிட்டார்கள். மற்ற நம் படைகளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வருவதா என்று அவர்களும் போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்போதே கிளம்பி வந்திருக்கலாமே என்று நீ கேட்டதாக அத்தை எழுதியிருந்தாள். நம் விமானி ஸ்கால்ஸ்கி 1947-ல் ஊருக்குத் திரும்பி வந்தார். அவரைவிடப் பெரிய வீரர் நமக்கு யார்? 1948-ல் உளவாளி என்று பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். பிறகு குறைத்து, போன வருஷம்தான் வெளியே விட்டார்கள். சிறைக்குப் போனவன் மகள் என்று உன்னை யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வெளிநாட்டில் இருப்பவன் மகள் என்று சொல்லித்தான் முதல் வருஷம் உனக்குக் காலேஜில் இடம் தரவில்லையாமே. அதை நீ எனக்கு எழுதவே இல்லை. ஏனம்மா?

உனக்காகத்தான் வரவில்லை என்று உன் அம்மாவுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். என் உயிருக்கும் பயந்தேன். அதை அவளுக்கு எழுதவில்லை. அவள் கேட்காமலே போய்விட்டாள், நீ கேட்டுவிட்டாய்.

எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதே. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே.

இப்போது பாஸ்போர்ட் முன்னைவிடச் சுலபமாகக் கிடைக்கிறதாம். அழைப்புக் கடிதம் அனுப்பட்டுமா? டிக்கெட் நான் எடுக்கிறேன். நார்தோல்ட் அருகே நம் விமானப்படைக்காரர்களுக்கு 1948-ல் நினைவுச்சின்னம் திறந்தார்கள், அங்கே கூட்டிப் போகிறேன். வர மனமில்லை என்றாலும் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் பத்தாம் தேதி இந்த மனிதர் லண்டன் திரும்புகிறார், பதிலை அவரிடமே கொடுத்துவிடு.

அப்பா