இறங்கவும் ஏறித்தான் ஆக வேண்டிய ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையில் சைக்கிள் பயணம் போவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காலையில் படித்தது ஆசையில், ராத்திரி படித்தது கவலையில். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, படங்களும் அருமை. ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பயணத் திட்டத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "நாள் 4: சாரி-தாஷ் முதல் காரகுல் வரை, சுமார் 100 கி.மீ." அவ்வளவுதான் இருந்தது. அந்த நான்காம் நாளை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

2019 ஜூலையில் நானும் என் தம்பியும் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தானின் கோரோக் வரை ஓட்டுவதாகக் கிளம்பினோம். திட்டம் போட்டது நான்தான். ஓஷிலிருந்து கோரோக் சுமார் 730 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 60 என்று வகுத்தேன், 12 நாள் வந்தது. ஓய்வுக்கு இரண்டு நாள் சேர்த்து 14 என்று கோடு போட்டு முடித்தேன். பத்து நிமிட வேலை. கணக்கில் தப்பே கிடையாது. தூரத்தை மட்டும் கணக்கெடுத்ததுதான் தப்பு.

ஓஷ் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாரி-தாஷ் 3,170. அதைத் தாண்டினால் எல்லை, 4,280 மீட்டருக்கு மேலே கிசில்-ஆர்ட் கணவாய். அப்புறம் கொஞ்சம் இறங்கினால் 3,900 மீட்டரில் காரகுல் ஏரியும் அதே பெயரில் ஒரு சின்ன ஊரும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் விதி. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட ராத்திரி எங்கே தலை சாய்க்கிறோம் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். சாரி-தாஷிலிருந்து காரகுலுக்குப் போனால் தூங்கும் உயரம் ஒரே நாளில் 700 மீட்டருக்கு மேல் கூடுகிறது. நாங்கள் சாரி-தாஷில் ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பினோம். உங்கள் கட்டுரையிலும் ஒரே ராத்திரிதான்.

சாயங்காலம் காரகுல் வந்து சேரும்போதே தம்பிக்குத் தலைவலி. வெயில், காற்று, களைப்பு என்று மூன்று காரணம் சொன்னான். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தார். அவன் தொடவில்லை. எட்டு மணிக்கு மேல் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அப்போதுகூட நான் அசையவில்லை, காலையில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு வெளியே போக எழுந்தவன் ஜாக்கெட் ஜிப்பை மாட்ட முடியாமல் தடவிக்கொண்டே நின்றான். சைக்கிள் செயினை இருட்டில் கழற்றி மாட்டுகிற பையன் அவன்.

படித்திருந்த ஒரு சோதனை சட்டென்று ஞாபகம் வந்தது. தரையில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. "இதுமேலே ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடடா" என்றேன். முதல் அடி வைத்தான், இரண்டாவது அடி வைத்தான், மூன்றாவதில் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித் தள்ளாடுவது மூளையில் நீர் கோர்க்கத் தொடங்கியதன் அடையாளம். அந்த நிலையில் மருந்து, மாத்திரை எல்லாம் இரண்டாம் பட்சம். உடனே கீழே இறக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, இறக்க வேண்டும். எந்தப் பக்கம்?

மலைப் பயணம் பற்றி யார் எழுதினாலும் "அறிகுறி தெரிந்தால் இறங்கிவிடுங்கள்" என்று எழுதுகிறார்கள். காரகுல் ஒரு கிண்ணம் மாதிரி. விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் நிற்கிற ஏரி அது. சாலையில் வடக்கே போனால் 4,280 மீட்டர் கிசில்-ஆர்ட். தெற்கே போனால் 4,655 மீட்டர் அக்-பைதால், அந்த நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம். இறங்குவதற்கும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். வரைபடத்தை நூறு தடவை பார்த்த எனக்கு இது அந்த ராத்திரிதான் உறைத்தது.

வடக்கே திரும்பினால், கிசில்-ஆர்ட்டைத் தாண்டியதும் சாரி-தாஷ். ஆனால் எங்கள் கிர்கிஸ்தான் விசா ஒருமுறை நுழைவதற்கானது. அன்று காலைதான் வெளியேறும் முத்திரை குத்தி வாங்கியிருந்தோம். பலமுறை நுழைகிற விசாவுக்குக் கொஞ்சம் பணம் கூட ஆகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அந்த மிச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டு அம்மாவின் மைத்துனரிடம் ஒரு பழைய ரஷ்ய ஜீப் இருந்தது. சைக்கிள்களை மேலே கட்டி, தம்பியை நடு சீட்டில் சாய்த்து, தெற்கே புறப்பட்டோம். தார் போன இடமெல்லாம் துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாக இருக்கும் சாலை. ஜீப் கூரையில் ஒரு பெடல் டக்டக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தை எண்ணியபடி, அவனைப் பேசவைத்துக்கொண்டே அக்-பைதாலைக் கடந்தேன். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரான முர்காப் 3,600 மீட்டர், காரகுலைவிட 300 மீட்டர்தான் தாழ்வு. அங்கே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விடிந்ததும் வேறு வண்டி பிடித்து 300 கிலோமீட்டர் தள்ளி, 2,100 மீட்டரில் இருக்கும் கோரோக் போய்ச் சேர்ந்தோம். வழியில் கடைசிக் கணவாய் தாண்டி இறங்க இறங்க அவன் முகம் மாறியது. கோரோக்கில் இறங்கியதும் முதலில் கேட்டது சைக்கிளில் கீறல் விழுந்ததா என்றுதான். பிழைத்தான் என்று அப்போதுதான் நம்பினேன்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. 2024-இல் நான் மறுபடி அங்கே போனேன், தனியாக. இந்த முறை தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து தொடங்கி, கோரோக் வந்து, அங்கிருந்து மேலே ஏறினேன். அலிச்சூர், முர்காப் வரை போய்விட்டுத் திரும்பி, 4,344 மீட்டர் கார்குஷ் கணவாய் வழியாக வாகான் பள்ளத்தாக்கில் இறங்கி, பஞ்ச் நதி ஓரமாகவே கோரோக் வந்தேன். நதிக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். சில இடங்களில் கல் எறிந்தால் போய் விழும் தூரம். அக்கரையில் கழுதை ஓட்டிப் போகிறவர் கையசைப்பார், நாமும் அசைப்போம், அவ்வளவுதான் பேச்சு.

இந்தத் தடவை திட்டம் போடப் பத்து நிமிடம் இல்லை, இரண்டு மாதம் ஆனது. ஒரு கோடு போட்ட நோட்டில் நான்கு பத்தி. தூங்கும் உயரம், அடுத்த குடிநீர், அடுத்த சாப்பாடு, உடம்புக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறங்குவது. கிலோமீட்டரைப் பென்சிலில் ஓரத்தில் எழுதினேன். கோரோக்கிலிருந்து வெந்நீர் ஊற்று இருக்கும் ஜெலாண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர், ஏற்றம் 1,400 மீட்டர். தெம்பிருந்தால் இரண்டு நாளில் ஓட்டிவிடலாம். நான் நான்கு நாள் எடுத்தேன். மதியமே நிறுத்திவிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து கால் நனைப்பது கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. அந்தப் பக்கமாக ஏறினால் இன்னொரு லாபம், உடம்பு மக்கர் பண்ணினால் சைக்கிளைத் திருப்பினால் போதும், மிதிக்காமலே கோரோக் வரை உருண்டு வரலாம். ஓஷ் பக்கமாக ஏறுகிறவர்களுக்கு, கிசில்-ஆர்ட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சௌகரியம் இல்லை.

நான்காவது பத்தியை நிரப்புவதுதான் பெரும்பாடு. சில இடங்களுக்கு "வண்டி பிடிக்க வேண்டும்" என்று எழுத வேண்டிவரும். அப்படி எழுதினால் வண்டிக்குக் கொடுக்க ரொக்கம் கையில் தனியாக இருக்க வேண்டும், மேலே எல்லா ஊரிலும் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. விசாவும் அந்தப் பத்திக்குள்தான் வரும். தஜிகிஸ்தான் விசா மட்டும் போதாது, பாமிர் மலைகள் இருக்கும் கோர்னோ-படக்‌ஷான் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியைப் பலர் யோசிக்காமல் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே வழக்கு. போகிற நாடு மட்டும் இல்லை, விமானம் மாறுகிற நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரையும் நம்பாமல் நாமே போகிற பயணத்துக்கு இவ்வளவு திட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். 1963-இல் அயர்லாந்திலிருந்து இந்தியா வரை தனியாக சைக்கிள் ஓட்டி வந்த டெர்வ்லா மர்ஃபி, மாற்று டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார். அவரைவிடச் சுதந்திரமாகப் போனவர் யார் இருக்கிறார்கள்?

சாமான் பற்றி உங்கள் கட்டுரை அரைப் பக்கம் எழுதியிருக்கிறது, நான் இரண்டே விஷயம் சேர்க்கிறேன். கேரியரைப் பிடித்திருக்கும் 5 மில்லிமீட்டர் போல்ட்டுகள் அந்தச் சாலையின் அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். முர்காப்புக்கு முன்னால் என்னுடையது ஒன்று எங்கேயோ விழுந்துபோய், பையோடு கேரியர் சக்கரத்தில் உரசிய பிறகுதான் கவனித்தேன். தினம் காலையில் டீ கொதிக்கிற நேரத்தில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குவது அதற்கப்புறம் வழக்கமாகிவிட்டது. மிச்ச போல்ட் ஆறு எடுத்துப் போனால் எடை கூடியதே தெரியாது. அடுத்தது அடுப்பு. கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், மலையில் நினைத்த இடத்தில் கிடைக்காது. பெட்ரோலில் எரியும் அடுப்புதான் உதவும். அப்படியும் 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு வேகும் என்று உட்கார்ந்திருந்தால் எரிபொருள் தீர்ந்துவிடும், பருப்பு அப்படியே கல்லாகக் கிடக்கும்.

எனக்கு வேண்டியது பெரிய மறுப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பயணத் திட்டத்தை ஒரு சின்னத் திருத்தத்தோடு மறுபடி போடுங்கள். சாரி-தாஷில் குறைந்தது இரண்டு ராத்திரி. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தூங்கும் உயரம். காரகுலுக்கு எதிரே மட்டும், "இரு பக்கமும் கணவாய்" என்று மூன்றே சொல். கட்டுரையை வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் தம்பியே வைத்திருந்தான், நான் எழுதிக் கொடுத்த பதினான்கு வரியை.

இன்னொன்று. காரகுல் படத்தின் கீழே "பளிங்கு போன்ற நன்னீர்" என்று போட்டிருக்கிறீர்கள். பளிங்கு போலத்தான் இருக்கும், ஆனால் அது உப்பு ஏரி. ஊருக்குள் போகுமுன் ஏரிக்கரையில் நிறுத்தி, அந்தத் தண்ணீரில் நான் டீ போட்டேன். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைக் கரையிலேயே ஊற்றினான். அது தலைவலியால் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி